லாக்கப்பில் மாப்பிள்ளை, நாற்காலியில் நான்

என் பெயர் சுந்தரேசன். கல்கத்தா போலீஸில் என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் ஒருவரும் இல்லை. வங்காளி வாயில் புகுந்து அது ‘ஷுந்தோர்பாபு’ ஆகிவிட்டது. அவர்கள் மொழியில் ஷுந்தோர் என்றால் அழகு. என் மூக்கைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்பவர்களுக்கு லேசாக ஒரு சிரிப்பு வரும். நானும் சிரித்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். சீருடை தைத்து வந்த அன்று, பெஹாலாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா என்னை நிற்கவைத்துத் தோள்பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

“ரெண்டு நட்சத்திரம் இருக்கே. இது பெரிசா, சின்னதா?”

கான்ஸ்டபிளுக்கு நட்சத்திரம் கிடையாது, ஏ.எஸ்.ஐ.க்கு ஒன்று, எஸ்.ஐ.க்கு இரண்டு, இன்ஸ்பெக்டருக்கு மூன்று என்று விளக்கினேன். இவர்கள் எல்லோருக்கும் தோளோரத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு ரிப்பன் உண்டு. அதற்கு மேல் ஏ.சி. அவருக்கும் மூன்று நட்சத்திரம்தான், ஆனால் ரிப்பன் கிடையாது. ரிப்பன் இல்லாவிட்டால் விறைப்பாக சல்யூட் அடிக்க வேண்டும். அதற்கும் மேல் டி.சி. எல்லோருக்கும் மேலே கமிஷனர்.

“அப்போ நீ கீழேர்ந்து மூணாவது” என்றாள் அம்மா. “மேலேர்ந்து எண்ண வேண்டாம், விடு.”

எனக்குக் கிடைத்தது கிடர்பூர் பக்கம் ஒரு தாணா, அதாவது போலீஸ் ஸ்டேஷன். அங்கே போன பிறகுதான் நட்சத்திரக் கணக்கு வேறு, நடைமுறை வேறு என்று தெரிந்தது. தாணாவின் பொறுப்பு அதிகாரியை எங்களில் யாரும் ஓ.சி. என்று கூப்பிடுவதில்லை, ‘பொடோபாபு’, அதாவது பெரியவர். அவருக்கு அடுத்த எஸ்.ஐ. ‘மேஜோபாபு’, நடுவில் உள்ளவர். கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் தம்பிகளைச் சொல்வதுபோலத்தான். அந்தக் குடும்பத்தில் நான் கடைக்குட்டி. தொலைந்த குடை, லாரிக்கு அடியில் படுத்துக்கொண்ட குடிகாரன், அடுத்த வீட்டுச் செடியைத் தின்ற ஆடு, எல்லாம் என் மேஜைக்கு வரும்.

ஆட்டம் நடந்த நாள்

நான் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ப்ரொபேஷன் முடியவில்லை. ஆஷாட மாதத்து, அதாவது நம் ஆனி மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. மைதானத்தில் அன்று பெரிய கால்பந்து ஆட்டம். ஊரில் பாதி அங்கே இருந்தது. ஊர்ப் போலீஸில் பாதியும் பந்தோபஸ்துக்கு அங்கேதான். எங்கள் பொடோபாபு, மேஜோபாபு, மற்ற எஸ்.ஐ.க்கள் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். தாணாவில் மிச்சம் நான், ஏ.எஸ்.ஐ. கோஷால்பாபு, சில கான்ஸ்டபிள்கள். மழையில் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து டெலிபோன் மத்தியானமே செத்துவிட்டது.

கோஷால்பாபு ஓய்வுக்கு நெருங்கியவர். வம்பில் மாட்டாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய ஒரே லட்சியம். டீ சொல்லிவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்தார். வெளியே ஒரே சத்தம்.

உள்ளே வந்தவர் டிராஃபிக் ஸார்ஜென்ட் பெரெய்ரா. ஆங்கிலோ இந்தியர், ஆறடி ஆள். நனைந்த வெள்ளைச் சீருடை, இடுப்பளவுக்குச் சேறு. அவர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது ஒரு கல்யாண மாப்பிள்ளையை! பட்டு ஜிப்பா, கொசுவம் வைத்த வேட்டி, நெற்றியில் சந்தனப் புள்ளிகள், கையில் வங்காள மாப்பிள்ளைகள் வைக்கும் கூம்பு வடிவ வெள்ளைக் கிரீடம். அதற்கு டோபோர் என்று பெயர். பின்னாலேயே அழுதுகொண்டு ஒரு சித்தப்பா.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை தபன் துறைமுகத்தில் குமாஸ்தா. பெண் வீடு பெஹாலாவில். உறவுக்காரர்கள் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார்கள். பூ அலங்காரம் செய்த வாடகைக் கார் வாசலில் நிற்கிறது, டிரைவரைக் காணவில்லை. அவன் மேட்ச் பார்க்கப் போய்விட்டான். தபனுக்கு லைசென்ஸ் உண்டு. கிரீடத்தைச் சித்தப்பா மடியில் வைத்துவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினான். முச்சந்தியில் தேங்கிய தண்ணீரில் கார் வழுக்கி, ஓரமாக நின்ற ஸார்ஜென்டின் சிவப்பு மோட்டார் சைக்கிளைச் சாக்கடையில் தள்ளிவிட்டது. அதிலிருந்து அவர் சற்று முன்புதான் இறங்கியிருந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பதற்றத்தில் மாப்பிள்ளை வாயைக் கொடுத்துவிட்டான்: “வண்டிய நிறுத்தறதுக்கு உங்களுக்கு வேற எடமே கிடைக்கலியா?”

“கேஸ் எழுதுங்க. ரேஷ் டிரைவிங். காரையும் பிடிச்சு வையுங்க” என்றார் பெரெய்ரா. (எல்லோரும் பேசியது வங்காளியிலும் இந்தியிலும்தான். படிக்கிறவர்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.)

கேஸ் நியாயமான கேஸ்தான். எழுதினேன். காரை வாசலில் நிறுத்திவைத்தேன். சாக்கடையிலிருந்து தூக்கிய மோட்டார் சைக்கிளும் பக்கத்திலேயே நின்றது. மாப்பிள்ளை லாக்கப்புக்குள் போனான். உள்ளே ஏற்கனவே ஒரு பிக்பாக்கெட் இருந்தான். கூரை ஒழுகுவதைப் பார்த்த அவன், “கொடுங்க தாதா, நனைஞ்சிடும்” என்று (அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன்) டோபோரை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். சித்தப்பா பெண் வீட்டுக்குச் சொல்ல ஓடினார்.

யார் ஓ.சி.?

இருட்டுவதற்கு முன்பே சித்தப்பா திரும்பி வந்தார். கூடவே பெண்ணின் அண்ணன், முழங்கால் வரை தண்ணீரில் நடந்து வந்த கோலத்தில். அவன் கோபப்படவில்லை, என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சார், இன்னிக்கு ராத்திரி லக்னம் தவறிட்டா என் தங்கச்சிய அப்புறம் யாரும் கட்டிக்க மாட்டாங்க. எங்க பெரிய மாமா இப்பவே வேற ஆளு பார்க்க ஆரம்பிச்சிட்டார். தெருக்கோடியில மனைவிய இழந்தவர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு வயசு என்ன தெரியுமா சார்? எங்கப்பாவோட ஒண்ணா ஸ்கூலுக்குப் போனவர். அவரைக் கூட்டிட்டு வர ஆள் போயாச்சு.”

பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

“கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கா சார்.”

ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் விட வேண்டியவர் பொடோபாபு. அவர் மைதானத்தில். போன் வேலை செய்யவில்லை. கான்ஸ்டபிளை அனுப்பலாம் என்றால், அந்தக் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடித்து வருவதற்குள் கிழவருக்கு மாலை போட்டுவிடுவார்கள்.

கோஷால்பாபு என்னை ஓரமாக இழுத்தார். “ஷுந்தோர்பாபு, நமக்கெதுக்கு? பொடோபாபு வரட்டும். ப்ரொபேஷன்ல இருக்கீங்க. ஒரு கெட்ட குறிப்பு எழுதினா வேலை போயிடும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. அப்போதுதான் ட்ரெயினிங்கில் படித்தது நினைவுக்கு வந்தது. பொறுப்பு அதிகாரி ஸ்டேஷனில் இல்லாதபோது, அங்கே இருப்பவர்களில் அடுத்த பதவியில் இருப்பவர், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்டவராக இருந்தால், அவரே பொறுப்பு அதிகாரி. பரீட்சைக்காக உருப்போட்ட வரி. அந்த வரிக்குள் ஒருநாள் நானே போய் உட்காருவேன் என்று நினைத்ததில்லை. சுற்றிலும் பார்த்தேன். கோஷால்பாபுவுக்கு ஒரு நட்சத்திரம், எனக்கு இரண்டு.

“ஜாமீன் கொடுக்கறேன்” என்றேன்.

பெரெய்ரா எழுந்து நின்றார். “என்ன விளையாடறியா? எனக்கும் ரெண்டு நட்சத்திரம். உன்னைவிடப் பதினஞ்சு வருஷம் சீனியர். ஓ.சி. வர்ற வரைக்கும் இவன் உள்ளதான் இருப்பான்.”

“சார், ரோட்ல நீங்க சீனியர். நீங்க டிராஃபிக், இந்தத் தாணா ஆள் இல்ல. இப்போ இங்க ஓ.சி. நான்தான்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கோஷால்பாபு டீக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

ஜாமீன்தாராகப் பெண்ணின் அண்ணன் முன்வந்தான். வழக்கப்படி கேட்டேன்: “குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீங்க என்ன உறவு?”

“இப்போ ஒண்ணும் இல்ல சார். நீங்க விட்டா மச்சான்.”

கையெழுத்து வாங்கிக் கதவைத் திறந்துவிட்டேன். பிக்பாக்கெட் டோபோரைத் துடைத்துக் கொடுத்தான். ஆனால் வாசலுக்கு வந்ததும் மறுபடி எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றோம். கார் கேஸில் மாட்டிக்கொண்டது. பஸ் நின்றுவிட்டது. டாக்ஸி ஒன்றும் கண்ணில் படவில்லை. தெருவில் ஓடக்கூடிய ஒரே வண்டி, மட்கார்டு நசுங்கி நின்ற அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள்தான்.

அதன் சொந்தக்காரருக்கு நான் உத்தரவு போட முடியாது. கொஞ்ச நேரம் முன்புதான் அவருடைய மூக்கை உடைத்திருந்தேன். பக்கத்தில் போய் நின்றேன்.

“சார், உங்ககிட்ட ஒரு உதவி.”

“ஓ.சி. சாருக்கு என்ன உதவி?” என்றார் பெரெய்ரா, மழையைப் பார்த்தபடி.

“உத்தரவு இல்ல சார். கேட்கறேன். கேஸ் அப்படியேதான் இருக்கு, அவன் கோர்ட்டுக்கு வருவான். பொண்ணு உங்க வண்டிய இடிக்கலியே சார்.”

அவர் திரும்பினார். பெண்ணின் அண்ணனைக் கூப்பிட்டார். “அந்தக் கிழவருக்கு நெஜமாவே உங்கப்பா வயசா?”

“ரெண்டு வயசு கூட சார்.”

பெரெய்ரா ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். தன் மழைக்கோட்டைக் கழற்றி மாப்பிள்ளை மேல் போட்டார். “ஏறு. வாயைத் திறந்தா மறுபடி சாக்கடைதான்.”

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கிரீடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தான் இடித்த வண்டியிலேயே மாப்பிள்ளை ஏறிப் போனான். தாணா வாசலில் நின்ற காவல்காரர் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்தார்.

பொடோபாபு தொப்பலாக நனைந்து திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல, தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“போன் செத்துப்போச்சு சார்.”

“நல்லா இருந்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? ‘நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே’ன்னு.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “செத்ததும் நல்லதுக்குத்தான்.”

டி.சி. அறையில்

மூக்கு உடைந்த கோபத்தில் பெரெய்ரா என்மேல் புகார் எழுதுவார் என்று பயந்தேன். அவர் எழுதவில்லை. ஆனால் வண்டி சேதத்துக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. நேர்மையான மனிதர், ‘குற்றவாளியைத் திருமண இடத்தில் சேர்த்தேன்’ என்று உள்ளதை அப்படியே எழுதிவிட்டார். அது படிப்படியாக மேலே ஏறி டி.சி. மேஜைக்குப் போனது. பொடோபாபு, பெரெய்ரா, நான், மூவருக்கும் அழைப்பு வந்தது.

டி.சி. மெதுவாகப் பேசுகிறவர். அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

“யார் ஜாமீன் கொடுத்தது?”

“சார், பையன் புதுசு...” என்று பொடோபாபு ஆரம்பித்தார்.

“நான்தான் சார்” என்றேன்.

“ஓ.சி. இல்லாதப்போ?”

“அப்போ ஓ.சி. நான்தான் சார்.” உருப்போட்ட வரியை அப்படியே ஒப்பித்தேன். பொடோபாபு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டி.சி. தலையசைத்தார். “சரி. கல்யாணத்துக்கு உன்னையும் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க சார். போகல.”

“ஏன்?”

“நான் வெளிய போனா கோஷால்பாபு ஓ.சி. ஆயிடுவார் சார். அவருக்கு உடம்பு தாங்காது.”

டி.சி. சிரித்து அன்றுதான் பார்த்தேன். ரிப்போர்ட்டை மூடிவிட்டு பெரெய்ரா பக்கம் திரும்பினார். “நீங்க சாப்பிட்டீங்களா?”

“சந்தேஷ் இனிப்பு சுமார் சார். மீன் பிரமாதம்.”

தபன் சொன்னபடி கோர்ட்டுக்கு வந்து அபராதம் கட்டினான். கூடவே புது மனைவியும் வந்தாள். என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, பெரெய்ராவிடம் போய், “தாதா, மட்கார்டு சரியாயிடுச்சா?” என்று கேட்டாள். அந்த ஆறடி மனிதர் வெட்கப்பட்டார்.

பிற்பாடு எனக்கு மூன்றாவது நட்சத்திரம் வந்தது. நானும் பொடோபாபு ஆனேன். இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது சின்ன விஷயம்தான். மேலே ஆள் இருக்கிறார் என்பதற்காக எதிரே நிற்பவரைக் காக்கவைக்காதீர்கள். அதிகாரம் உங்கள் கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள். நான் பொடோபாபுவாக இருந்த காலத்தில் பந்தோபஸ்துக்குக் கிளம்பும்போதெல்லாம், தாணாவில் மிஞ்சுகிற புது எஸ்.ஐ.யை என் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் போவேன். சிலர் நுனியில் உட்கார்வார்கள். “நல்லா சாஞ்சு உட்காருப்பா” என்பேன். “வர்றவங்களுக்கு இங்க ஆள் இருக்குன்னு தெரியணும்.”