மருதங்கட்டையில் ஓராள் இடம்

சீதேவிப்பிள்ளையின் வளவில், வாவிக்கரையோரமாக, பெரிய மருதமரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. ஐப்பசியில் நாலு மழை பெய்தால் போதும், கட்டை முழுக்கக் காளான் முளைத்துவிடும். மட்டிச்சிப்பி அளவில், வெள்ளையாக, அடுக்கடுக்காக. தேங்காய்ப்பால் விட்டு அதைக் கறியாக்குவதில் பனிச்சங்கேணியில் அவளை மிஞ்ச ஆளில்லை. பாதி ஊருக்குக் காளான் அவள் வளவிலிருந்துதான் போகும். வாங்க வருகிறவர்கள் கட்டையின் தெற்கு முனையை மட்டும் பார்க்காத மாதிரி நிற்பார்கள்.

அங்கே முளைப்பதில்லை. ஓராள் குந்தியிருக்கும் அகலத்துக்கு மரம் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் நெருக்கியடித்து வருகிற காளான், அந்த இடத்தின் விளிம்பில் வளைந்து நின்றுவிடும். கண்ட இடத்திலெல்லாம் படுக்கிற என் வீட்டு நாயும் அந்தப் பக்கம் படுக்காது.

அது அவள் புருஷன் அருமைநாயகம் இருந்த இடம். என்னோடு ஒன்றாக வாவியில் தொழில் செய்தவன். வலை வீசிவிட்டு வந்தால், இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு அந்த முனையில்தான் இருப்பான். பீடி முடியும்வரை எழும்பமாட்டான். ஆறேழு வருஷம் இதே பழக்கம். 2014 மார்கழி வெள்ளத்தில் முகத்துவாரப் பக்கம் போனவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் வந்தது.

உடல் கிடைக்காததால் கிரியை செய்ய அவள் விடவில்லை. அருமைநாயகத்தின் அண்ணன் வந்து கத்தினார், பிறகு கெஞ்சினார். ஊரே கூடி நிற்க, அவள் கட்டையைக் காட்டினாள்.

"அந்த இடத்தில எப்ப காளான் முளைக்குதோ, அண்டைக்குத் தாலியக் கழட்டுறன். அதுமட்டுக்கும் அவர் இருக்கார்."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஈரச் சாரத்தின் உப்பு ஊறிய மரத்தில் காளான் எப்படி வரும், இரண்டு மூன்று மாரி கழுவினால் உப்புப் போய்விடும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொன்னபடியே ஆயிற்று. மூன்றாம் வருஷம், ஒரு விடியற்காலை, வள்ளம் இறக்கப் போகும்போது பார்த்தேன். வெறும் இடத்தில் குண்டூசித் தலை அளவில் வெள்ளை முளைகள்.

என் கணக்குச் சரியென்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் சொன்ன சொல்தான் நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவாள். பார்ப்பாள். கை கழுத்துக்குப் போகும். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மீன் வெட்டும் கத்தியை எடுத்து, ஒன்றுவிடாமல் சுரண்டிக் கழுவிவிட்டுப் போய்விட்டேன்.

செய்தது பிழை என்று அன்றைக்கே தெரியும். இல்லாத புருஷனோடு ஒரு மனுஷியைக் கட்டிவைத்துவிட்டேன். அடுத்த மாரியில் முளைத்தால் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு, நாள் தவறாமல் விடியப்புறம் போய்க் குனிந்து பார்த்தேன். முளைக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஏழு மாரி போயிற்று. உப்புக் கதையை யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் அவளாகவே மனம் மாறினாள். வெள்ளிக்கிழமை அந்தியேட்டிக் கிரியை, ஐயருக்குச் சொல்லியாயிற்று என்று அருமைநாயகத்தின் அண்ணன் வந்து சொன்னபோது, ஆறுதலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாவத்தை இறக்கி வைக்கவேண்டும் என்ற அரிப்பு விடவில்லை. புதன்கிழமை பின்னேரம் போனேன். அவள் கட்டையடியில் குந்திக் காளான் பறித்துச் சுளகில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த விடியற்காலை நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் அண்ணன்," என்றாள், தலை நிமிராமல். "குசினி யன்னலால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். என்னில இரக்கப்பட்டுத்தானே செய்தீங்க. எனக்குக் கோவமில்ல."

"மறுகா ஏன் புள்ள இவ்வளவு காலமும் தாலியக் கழட்டாம இருந்தநீ?"

"ஒராள் இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறாரே, அவருக்காகவாவது இருப்பமெண்டு இருந்தன். வருஷா வருஷம் விடியப்புறம் வந்து குனிஞ்சு நிக்கிறீங்க. உங்களுக்கும் வயசு போகுது. இன்னும் எத்தின வருஷத்துக்குச் சுரண்டுவீங்க? போதும் அண்ணன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். ஓம், நான்தான் என்று ஒரு சொல் போதும், வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்திருக்கும். பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"நான் சுரண்டினது ஒருக்காத்தான் தங்கச்சி. மறுகா வந்ததெல்லாம் பாக்கத்தான். ஒண்டும் முளைக்கவேயில்ல."

அவள் கை நின்றது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. வாவி அசையாமல் கிடந்தது. அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். பிறகு, தோளில் நழுவிக் கிடந்த சேலைத் தலைப்பை இழுத்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். என் முன்னால் அவள் அதையெல்லாம் கவனிப்பவள் அல்ல.

"மூத்த மச்சானுக்குச் சொல்லிருங்க அண்ணன்," என்றாள். பக்கத்தில் ஒருவர் இருக்கிறபோது பேசுவது மாதிரிக் குரலைத் தாழ்த்தியிருந்தாள். "வெள்ளிக்கிழமை வரவேணாமெண்டு."

சுளகைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். வீட்டுக்குப் போக அந்த முனையைக் கடக்கவேண்டும். யாரோ நீட்டியிருக்கும் காலை மிதித்துவிடாமல் போவதுபோல, ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனாள்.

நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.