கை நீட்டியும் நிற்காத ரயில்

வில்ஃப் என்ட்விசில் எங்கள் ஊர் நீராவி ரயிலில் கரி அள்ளிப் போட்டவர். "அந்த ரயில்ல ஒருத்தரும் ஏறுறதில்லை" என்று பஸ் முதலாளி கில்பர்ட் ஹாக்ஸ்வொர்த், ரயில் பாதையை மூடலாமா என்று நடந்த விசாரணையில் சாட்சி சொன்னார். பாதையை மூடினார்கள், வில்ஃபின் வேலை போனது.

வயதான பிறகு, அந்தப் பாதை முழுவதையும் வில்ஃப் கணினி விளையாட்டில் திரும்பக் கட்டினார். கை காட்டினால் மட்டுமே ரயில் நிற்கும் எங்கள் சின்ன ஸ்டேஷனில், கில்பர்ட்டின் முகத்தோடு ஒரு பயணியை மழையில் நிற்க வைத்தார். அவர் கை நீட்டிக்கொண்டே இருப்பார். எந்த ரயிலும் நிற்காது.

ஊர் மன்றத்தில் வில்ஃப் அந்த விளையாட்டைப் பெரிய திரையில் ஓட்டிக் காட்டியபோது, எல்லார் முன்னாலும், கில்பர்ட் அதைப் பார்த்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவை நிறுத்தேன்டா வில்ஃப். ஊரே சிரிக்குது."

"ஒங்க பஸ்ல வாங்களேன், மொதலாளி" என்ற வில்ஃப், மழையை இன்னும் கூட்டினார்.