எருமைப் படத்தின் மறுபாதி

இலங்கை மலைநாட்டில், ஹுன்னஸ்கிரியப் பக்கம் டிரைவர் வீரையா ரெண்டு விஷயத்துக்குப் பேர்போனவர். ஒன்று, எந்த மழையிலும் தோட்டத்து லொறியைப் பள்ளத்தில் இறக்காமல் கொண்டுவந்து சேர்ப்பார். மற்றது சினிமா. கண்டியில் என்ன படம் ஓடுகிறது, அதைக் காசு கொடுத்துப் பார்க்கலாமா, இல்லை அந்தக் காசுக்குக் கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டில் கிடக்கலாமா என்று அவரைக் கேட்காமல் தோட்டத்தில் யாரும் பஸ் ஏறுவதில்லை.

இந்த விசாரணையெல்லாம் நடக்கிற இடம் சேதுராமன் முதலாளியின் தேத்தண்ணிக் கடை. முதலாளிக்கும் படப் பைத்தியம்தான். ஆனால் கடையை விட்டு அசைய முடியாது. கண்ணால் பார்த்ததைவிட வீரையாவின் வாயால் பார்த்த படங்களே அவருக்கு அதிகம்.

"என்னா டிரைவர், புதுப்படம் மாத்திருக்கானாமே?"

"மாத்தியிருக்கான். பாக்குற சாமானில்ல. நம்ம கொழுந்து பறிக்கிறவளுக ஏறுற மலையில கதாநாயகன் ஏறுறான், சட்டையில ஒரு பொட்டு வேர்வை கெடையாது. அவன்லாம் ஒரு ஆம்பளை!"

அவ்வளவுதான். அந்தப் படத்துக்குத் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் போகாது.

நல்ல படம் என்றால் வேறு கதை. பெஞ்சில் ஒரு காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, சண்டைக்குச் சண்டை, பாட்டுக்குப் பாட்டு, ஆம்பளைக் குரல் பொம்பளைக் குரல் எல்லாம் போட்டு நடத்திக்கொண்டே வருவார். பாதியில் டக்கென்று நிறுத்திவிடுவார்.

"அப்புறம்?"

"அப்புறம் நீயே போயிப் பாரு. முடிவச் சொல்றவன் அடுத்தவன் எலையில கைய வைக்கிறவன்."

அந்த வார்த்தை எல்லோருக்கும் பிடித்துப்போய், கடைக்கே சட்டமாகிவிட்டது. யார் படம் பார்த்துவிட்டு வந்தாலும் அங்கே முடிவைச் சொல்லக்கூடாது. மீறினால் மற்றவர்களுக்கு அவன் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

உள்ளதைச் சொன்னால், வீரையா ஒரு படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. புதன்கிழமைகளில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கண்டி ஸ்டேஷனுக்குப் போவார். பெட்டியை இறக்கிப் பதிவு போட்டு முடிக்க மத்தியானம் தாண்டிவிடும். அந்த நேரத்தில் நைசாகக் கழன்று மெட்டினி ஷோவுக்குள் புகுந்துவிடுவார். இடைவேளை மணி அடித்ததும் வெளியே. அதற்குமேல் இருந்தால், திரும்புகையில் தோட்டத்துக்கு உரம் ஏற்ற வேண்டிய ஸ்டோரைப் பூட்டிவிடுவார்கள். வெறும் லொறியோடு போனால் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சும்மா விடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் முழுசாகப் பார்க்கலாம்தான். 'பாத்த படத்துக்கு மறுபடி எதுக்குப் போறே?' என்று எவனாவது கேட்டால்? அந்தப் பயத்திலேயே போகவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற, ஆசைப்பட்ட ஒன்றையே அரையும் குறையுமாகத் தின்றுகொண்டிருந்தார் மனுசன். இராத்திரி படுத்தால் அந்தக் கதைகளின் மிச்சம் மண்டைக்குள் ஓடும். சில நேரம் தன்னை நினைத்துத் தானே கூசிப்போவார்.

இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பேச்சியம்மாவுக்கும் அவள் புருசன் கணபதிக்கும் புறப்படச் சொல்லிக் கடிதாசி வந்துவிட்டது. மகள் சுந்தரி இங்கேதான் இருக்க வேண்டும், அவள் கட்டிக்கொண்டவனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. தாய் ஒரு கரை, மகள் ஒரு கரை என்று ஆகிவிட்டது.

ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேச்சியம்மா வீரையாவை மறித்தாள்.

"அண்ணே, ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுக்கக் கண்டிக்குப் போறோம். அப்படியே மூணு பேருமா ஒரு படம் பாத்துட்டு வரலாம்னு. இனி எங்க ஒண்ணா உக்காந்து பாக்கப் போறோம்? சிரிச்சுட்டு வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. அழுகாச்சி வேணாம். அது வீட்டுலயே கெடக்கு."

வீரையாவுக்கு யோசனையே வரவில்லை. முந்தின புதன்கிழமை பார்த்த படம் வயிற்றுக்குள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. கஞ்ச மாமன் ஒருத்தன், அவனை ஏமாற்றி எருமையைத் திருடுகிற மச்சான்மார் ரெண்டு பேர்.

"எருமைப் படத்துக்குப் போ தங்கச்சி. ஒரு சொட்டு அழுகை கெடையாது. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்று நெஞ்சில் வேறு தட்டிக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு கடையில் நல்ல கூட்டம். பேச்சியம்மாவும் சுந்தரியும் பாண் ரொட்டி வாங்க வந்தார்கள். வீரையாவைக் கண்டதும் பேச்சியம்மா நேரே அவரிடம் வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"என்னாண்ணே, இப்படி ஒரு படத்துக்கு அனுப்பிட்டீங்க?"

"ஏன், சிரிப்பு வரலியா?"

"மொதல்ல சிரிச்சோம். அப்புறம் தாயி ஒரு ரயில்லயும் மக ஒரு ரயில்லயும் ஏறிப் பிரிஞ்சு போறாங்க. இவ என் கையப் புடிச்சவ விடல. அந்த நேரம் பாத்து பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இவ அப்பா எழுப்பிட்டாரு. மிச்சம் பாக்கல." குரலை இறக்கிக் கேட்டாள். "அந்தப் புள்ள தாயிகிட்ட வந்து சேந்துருதாண்ணே?"

வீரையா அவசரமாகத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"முடிவச் சொல்லப்படாது தங்கச்சி..."

"நான் இனி எந்தக் கண்டிக்குப் போயிப் பாக்கப் போறேன்? சொல்லுங்க."

"சொல்லுய்யா," என்றார் சேதுராமன் முதலாளி. "இன்னைக்குச் சட்டத்துக்கு லீவு. பாவம், கப்பலேறப் போற பொம்பள."

கடையே அவர் வாயைப் பார்த்தது. பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. பழகின வாய் தானாகவே ஓட ஆரம்பித்தது.

"சேந்துருவாங்க! சேராம என்ன? அந்தக் கஞ்ச மாமன் இருக்கான்ல, அவன் மனசு மாறிடுவான். எருமைய வித்த காசுல ரயிலேறிப் போயி, மகளக் கையோட கூட்டியாந்து தாயிகிட்ட ஒப்படைப்பான். தேட்டர்ல ஒரே விசிலு!"

பேச்சியம்மாவின் முகம் மலரத் தொடங்கியது. சுந்தரிதான் நெற்றியைச் சுருக்கினாள்.

"எந்த மாமன், மாமா?"

"அதான்மா, அந்தக் கஞ்சன்."

"அவருதான் செத்துட்டாரே. இடைவேள முடிஞ்சதும் மொதல்ல அவருக்குத்தானே பாடை கட்டுனாங்க?"

 முதலாளி வெடித்துச் சிரித்தார்.

"செத்தவன் ரயிலேறிப் போனானாக்கும்! டிக்கட்டு யாரு எடுத்துக் குடுத்தா டிரைவர்?"

"பாடையோடயே ஏத்திருப்பாங்க!" என்றான் பெஞ்சில் இருந்த ஒருத்தன்.

"இடைவேளைக்கு அங்கிட்டு இவரு பாத்ததே இல்ல போலருக்கே. அதான் அந்தச் சட்டமா?"

வீரையா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. 

"சும்மா இருங்க முதலாளி," என்றாள் பேச்சியம்மா. "எத்தனையோ படம் பாக்குறவரு. ஒண்ணு ரெண்டு கலந்துதான் போகும். வேற படத்து மாமனா இருக்கும்."

அவர் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னாள். பாணை வாங்கிக்கொண்டு மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் சிரித்ததை வீரையா தாங்கிக்கொண்டார். இவள் பரிந்து பேசினாளே, அதுதான் உள்ளே இறங்கி அறுத்தது. அதற்குப் பதில் காறித் துப்பியிருக்கலாம்.

புதன்கிழமை மெட்டினியில் இடைவேளை மணி அடித்தது. வீரையா எழுந்திருக்கவில்லை. உரமும் போச்சு, கிளாக்கரும் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

மாமன் செத்தான். ரயில்கள் பிரிந்தன. வீரையா பெஞ்சு விளிம்புக்கே வந்துவிட்டார். கடைசியில் ஒரு கோயில் அன்னதானத்தில் மகள் சோறு போட்டுக்கொண்டு வருகிறாள். வரிசையில் ஒரு கை இலையை நீட்டுகிறது. மகள் அந்தக் கையைப் பார்த்தபடியே நிற்கிறாள். கரண்டி கீழே விழுகிறது.

சேர்ந்துவிட்டார்கள். நிசமாகவே சேர்ந்துவிட்டார்கள். வீரையா கூச்சமில்லாமல் அழுதார். ஒரு படம் முழுசாக முடிந்து விளக்கு எரிவதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

வெறும் லொறியை மலையேற்றிக்கொண்டு வந்தபோது பெரிய கிளாக்கர் வாசலிலேயே நின்றார். இனி ஒருதரம் இப்படி நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். வீரையா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, நேரே பேச்சியம்மாவின் லயத்து வரிசை வீட்டுக்கு நடந்தார்.

ஒற்றை அறைக் காம்பராவில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனை தாயிடம், மற்ற முனை மகளிடம். வெள்ளிக்கிழமை பயணம்.

"தங்கச்சி, சேந்துட்டாங்க!" வாசலில் நின்றபடியே மூச்சு வாங்கச் சொன்னார். "இன்னைக்குத்தான் பாத்துட்டு வாறேன். கோயில்ல மக சோறு போடுறா. தாயோட கையப் பாத்தே கண்டுபுடிச்சுர்றா. ரெண்டு பேரும் சேந்துட்டாங்க."

பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாகச் சிரித்தாள். அழுகிற பிள்ளைக்கு நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"சரிண்ணே. நல்லதுண்ணே."

"இல்ல தங்கச்சி, நெசமா. அன்னைக்குச் சொன்னதுதான் பொய்யி. நான் ஒரு படத்தயும் முழுசாப் பாத்தவனில்ல. இதப் பாத்தேன். மாரியாத்தா சத்தியமா..."

"ஐயோ, எதுக்குண்ணே சத்தியமெல்லாம்? எங்களுக்காக யோசிச்சு இவ்வளவு தூரம் வந்தீங்களே, அது போதும்." உள்பக்கம் திரும்பினாள். "சுந்தரி, மாமாவுக்குத் தேத்தண்ணி ஊத்து."

சுந்தரி தலையைத் தூக்கவில்லை. கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். வீரையாவுக்கு உட்கார ஒரு சாக்கை விரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் உட்காரவில்லை. தேத்தண்ணி வருமுன்னே, லொறியைக் கழுவ வேண்டும் என்று இல்லாத ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.