கோளாறு எண் அறுபத்தொன்று

பாக்கியலட்சுமியிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அது முடிந்துவிடும். ஆனால் கொடுத்தவருக்கு நிம்மதி போய்விடும். மைசூர் மேட்டகள்ளி தொழிற்பேட்டையில் தொலைநோக்கிகளுக்குத் தாங்கி செய்யும் அந்தச் சின்னப் பட்டறையில் அவள் ஒன்பது வருடமாக இருந்தாள். சேர்ந்தது டைப்பிஸ்டாக. பிறகு ஸ்டோர் சாவி அவள் இடுப்புக்கு வந்தது, வருகைப் பதிவேடு வந்தது, தண்ணீர் மோட்டார் போடுகிற வேலையும் வந்தது. 1997 பிப்ரவரியில் கம்ப்யூட்டரும் அவள் தலையில் வந்து விழுந்தது.

பட்டறை முதலாளி சித்தையன் ஹனூர்க்காரர், கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதுவரை கையால் திருகும் தாங்கிகளைத்தான் விற்றுவந்தார். இந்த முறை ஒரு கல்லூரி, கம்ப்யூட்டரே திருப்பும் தாங்கியைக் கேட்டிருந்தது. நட்சத்திரத்தின் பெயரைத் தட்டினால் தொலைநோக்கி தானே அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பின்னால் மாட்டியிருக்கும் கேமரா படம் பிடிக்க வேண்டும், நட்சத்திரம் படத்தின் நடுவில் நிற்க வேண்டும். இதற்கான மென்பொருளை எழுதியவன் மஞ்சுநாத் என்கிற இருபத்தைந்து வயதுக் கன்னடப் பையன். சோதித்துப் பார்க்கக் கம்ப்யூட்டர் தெரியாத ஆளாகக் கொடுங்கள், அப்போதுதான் தப்பெல்லாம் வெளியே வரும் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

பாக்கியலட்சுமி நீளமான நோட்டு ஒன்றை எடுத்து ஸ்கேலால் கட்டம் போட்டாள். எண், தேதி, என்ன தட்டினேன், என்ன நடந்தது, காரணம். கடைசிக் கட்டத்தில் மஞ்சுநாத் என்ன சொல்கிறானோ அதை எழுதுவாள். ஒரு எழுத்து கூட்டமாட்டாள், ஒரு எழுத்து குறைக்கமாட்டாள்.

கோளாறு எண் நான்கு: 'வேண்டாம்' என்கிற பொத்தானை அழுத்தினால் கேமரா படம் எடுக்கிறது. எண் பதினொன்று: சந்திரனைக் காட்டு என்றால் பிரிண்டர் எங்கே என்று கேட்கிறது. எண் இருபத்துமூன்று: அறுபது வினாடிப் படத்துக்கு அறுபதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, ஒன்றில் நின்று, பிறகு இந்த ஜென்மத்தில் நகர்வதில்லை. எண் முப்பது: தொலைநோக்கி தன் காலைத் தானே இடித்துக்கொள்கிறது. மஞ்சுநாத் ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று முளைத்தது. "அக்கா, நன்ன மெஷின்ல சரியாகே ஓடுது" என்பான். "அப்ப உன் மெஷினைத் தூக்கிட்டுப் போய் அந்தக் காலேஜ்ல குடு மாராயா. இதை எதுக்கு என் தலையில கட்டறே?" என்பாள் இவள்.

கம்ப்யூட்டரும் லேசுப்பட்டதில்லை. எங்கோ வாங்கிய பழசு, உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்று என்ன தேதி, இப்போது என்ன மணி என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்கும். பாக்கியலட்சுமி சுவரை நிமிர்ந்து பார்த்துத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை.

மூன்றாவது வாரம் முடியும்போது எல்லாம் அடங்கி ஒன்றே ஒன்று மிஞ்சியது. தொலைநோக்கி போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் இருட்டியதும் மொட்டைமாடியில் திருவாதிரையைத் தேடச் சொன்னால், அது கம்பீரமாகத் திரும்பி ஓரிடத்தில் நிற்கும். கேமரா வெறும் கறுப்புப் படத்தைக் கொடுக்கும். பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்னக் குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தால், திருவாதிரை ஐந்து முழுநிலா அகலம் தள்ளிக் கிழக்கே சிவப்பாக முறைத்துக்கொண்டு நிற்கும். ரோகிணியைத் தேடினாலும் அதே தூரம், அதே கிழக்கு. ஒரு நாள் கொஞ்சம் கூட, ஒரு நாள் கொஞ்சம் குறைய. கழுத்து ஒடிய ஒடியப் பார்த்துப் பாக்கியலட்சுமிக்கு வானத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. நாற்பத்து நான்கிலிருந்து நோட்டில் தினமும் இதே வரிதான்.

"ப்ரோக்ராம்ல ஏனும் தப்பில்லை அக்கா. கியர்தான் ப்ராப்ளம், பரகொள்ளி" என்றான் மஞ்சுநாத். எழுதிக்கொள் என்கிறான். காரணம்: கியர். எழுதிக்கொண்டாள்.

அந்தப் பல்சக்கரத்தை வெட்டியவர் ஆறுமுகசாமி. கொள்ளேகால் பக்கத்து ஆள், லேத்தில் இரும்பு கடையும் ஒரே டர்னர், ஐம்பதை நெருங்கியவர். முதல் நாளே மாடி ஏறி வந்து, குழாயில் கண்ணை வைத்துப் பார்த்து, கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மணி, பல்லுல கோளாறு இருந்தா அது இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுமுங்க. இப்படி ஒரே பக்கமா போய் நிக்காதுங்க. வேற எங்கியோ இருக்குது, பாருங்க." பாக்கியலட்சுமி தலையாட்டினாள். அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை. அதனால் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை சித்தையன் நோட்டை வாங்கிப் புரட்டினார். காரணம்: கியர், காரணம்: கியர் என்று பதினாறு வரி அடுக்காக இருந்தது. பாக்கியலட்சுமி எழுதினால் தப்பிருக்காது என்பது பட்டறையில் வேதவாக்கு. அவர் ஆறுமுகசாமியைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை காலேஜ்காரங்க வராங்க. இத வெச்சுக்கிட்டு நான் எப்படி மூஞ்சியக் காட்டறது? பெங்களூர்ல கியர் வெட்டச் சொல்லிட்டேன். நீ நாளையோட நின்னுக்கோ ஆறுமுகம்."

ஆறுமுகசாமி பாக்கியலட்சுமியை ஒரு தடவை பார்த்தார், நோட்டை ஒரு தடவை பார்த்தார், லேத்துக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அவளுக்கு மோர்சாதம் கூட இறங்கவில்லை. நான் என்ன செய்தேன், சொன்னதைத்தானே எழுதினேன் என்று தனக்குத்தானே சண்டை போட்டாள். அப்படியும் மனம் ஆறவில்லை.

அன்று சாயங்காலம் மறுபடி மொட்டைமாடி, மறுபடி திருவாதிரை, மறுபடி கறுப்புப் படம். எண் அறுபது. அவள் குழாயில் கண்ணை வைத்த நேரத்தில் கரண்ட் போனது. தொழிற்பேட்டை முழுக்க இருட்டு. கம்ப்யூட்டர் செத்தது, மோட்டார் நின்றது. மஞ்சுநாத் கன்னடத்தில் என்னவோ திட்டிக்கொண்டே ஃபியூஸ் பார்க்கக் கீழே இறங்கினான். பாக்கியலட்சுமிக்கு எழுந்திருக்கவும் அலுப்பாக இருந்தது. கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நட்சத்திரம் நகர்ந்தது.

முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். இல்லை. மோட்டார் நின்றதால் தொலைநோக்கி அசையாமல் நின்றது. வானம் தன்பாட்டுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் இருந்த திருவாதிரை எறும்பு போல ஊர்ந்து வந்தது. பழக்கதோஷத்தில் டார்ச்சை அடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தாள்: ஏழு இருபத்திரண்டு. குறுக்குக் கம்பிகள் சந்திக்கும் நட்ட நடுவில் நட்சத்திரம் வந்து உட்கார்ந்தபோது மறுபடி பார்த்தாள். ஏழு முப்பத்திரண்டு.

பத்து நிமிடம்.

சுவர்க் கடிகாரம்! ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வரும் மூன்று பேர் தினமும் தாமதமாக வந்து அவள் உயிரை எடுத்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஆத்திரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, பட்டறைக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தவள் அவள்தான். இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதன்பின் யாரும் சீக்கிரம் வரவும் இல்லை, யாரும் கடிகாரத்தைத் திருத்தவும் இல்லை. ஒன்பது பத்து என்று காட்டினால் ஒன்பது. சித்தையன் கழித்துக்கொள்வார், டீக்காரன் கழித்துக்கொள்வான், வந்து இரண்டு மாதம் கூட ஆகாத மஞ்சுநாத்தும் கழித்துக்கொள்வான். கம்ப்யூட்டரின் மூலையில் அதே மணி தெரிந்தபோது அவன் கண் அதையும் தானாகக் கழித்துக்கொண்டது. கழிக்கத் தெரியாத ஒரே ஜீவன் அந்தக் கம்ப்யூட்டர்தான். தினமும் அதற்கு மணி சொல்லிக்கொடுத்தவள் பாக்கியலட்சுமி.

தொலைநோக்கி தப்பான இடத்துக்குப் போகவே இல்லை. நட்சத்திரம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்க் காத்திருந்தது.

சோதிக்காமல் எதையும் நம்புகிறவள் இல்லை அவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் மணி கேட்டபோது சுவரைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்துத் தட்டினாள். மாடியில் தாங்கி முனகிக்கொண்டே திரும்பி நின்றது. படம் வந்தது. நடுவில், பொட்டு வைத்தது போல, திருவாதிரை.

மஞ்சுநாத் குதித்தான். "நான் நின்னெ, நேத்து ராத்திரி, ஒரு லைன் மாத்தினேன் சார்! அதான்!" சித்தையன் அவன் முதுகைத் தட்டினார். "மோசமான கியரையே ப்ரோக்ராம்ல சரிக்கட்டிட்டியே, கெட்டிக்காரன்டா நீ!"

கீழே லேத்துப் பக்கம் ஆறுமுகசாமி தன் அளவுக் கருவிகளைக் கோணிப்பையில் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பாக்கியலட்சுமிக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒன்பது வருடத்தில் அவள் எழுதியதில் யாரும் ஒரு தப்புக் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இனியும் காணமாட்டார்கள். படம் சரியாக வந்துவிட்டது, எல்லோரும் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்பு இன்னும் அரைமணி நேரம் ஓடினால் ஆறுமுகசாமி பஸ் ஏறிவிடுவார்.

"சார்," என்றாள், குரல் உடைந்து கத்தலாக வந்தது. "இவன் மாத்தின லைனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கியர் முதல்ல இருந்தே சரியாத்தான் இருக்கு. நான்தான் தினமும் கம்ப்யூட்டருக்கு நம்ம சுவர் கடிகார மணியைக் குடுத்தேன்."

சித்தையனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பௌதிகம் படித்தவர் விரல்விட்டு எண்ணினார். பத்து நிமிடம், இரண்டரை பாகை, ஐந்து நிலா. பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தக் கடிகாரத்தை அப்படி வெச்சவன் எவன்?"

"நான்தான் சார்."

அவர் திட்டினார். நன்றாகவே திட்டினார். இத்தனை வருடமாக அதில் பத்தைக் கழித்துத் தானும் டீ குடித்தது நடுவில் நினைவுக்கு வந்து, திட்டு பாதியில் நின்றுபோனது. "போய் அந்த ஆளை நிறுத்தும்மா முதல்ல," என்றார்.

பாக்கியலட்சுமி நோட்டோடு படியில் இறங்கி ஓடினாள். ஆறுமுகசாமி கோணிப்பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது.

"அத நான் மொத நாளே சொன்னனுங்களே அம்மணி. பல்லுன்னா ஆடும், ஒரே பக்கமா நிக்காதுன்னு. அந்தப் பையன் சொன்னதையெல்லாம் எழுதுனீங்க. நான் சொன்னத ஒரு வரி எழுதலையே."

அவள் கருவிப் பெட்டியின் மேல் நோட்டை விரித்தாள். எண் அறுபத்தொன்று என்று போட்டு, காரணம் என்கிற கட்டத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். பிறகு நாற்பத்து நான்குக்குத் திரும்பினாள். கியர், கியர் என்றிருந்த பதினேழு வரிகளையும் ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அடித்தாள். பக்கத்து ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துப் புதுக் கட்டம் ஒன்று போட்டு, தலைப்பில் 'ஆறுமுகசாமி சொன்னது' என்று எழுதினாள்.

"சொல்லுங்கண்ணா," என்றாள். "அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

அவர் கோணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். அவள் எழுதினாள்.