அரக்கோணத்துக்குப் போன பந்து

எங்கள் ஊர்க் கால்பந்து அணியிடம் அப்போது இருந்தவை இவ்வளவுதான்: பந்து ஒன்று, சைக்கிள் கடையில் இரவல் வாங்கும் பம்பு ஒன்று, ஒரே நிறத்துச் சட்டை ஏழு, ஏறக்குறைய அந்த நிறம்தான் என்று சாதிக்கக்கூடிய சட்டை நான்கு. காலணி யாருக்கும் கிடையாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மலாய் நாட்டிலிருந்து ரப்பர் வருவது நின்றுவிட்டதால், பந்துக்குள் வைத்துக் காற்றடிக்கும் பிளாடர் சென்னையிலேயே கிடைக்கவில்லை. அதனால் எங்கள் பக்கத்து அணிகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டிருந்தன. முதல் பாதி ஆட்டம் உள்ளூர்க்காரர்களின் பந்தில், இரண்டாம் பாதி வெளியூரிலிருந்து வந்தவர்களின் பந்தில். பந்தில்லாமல் வரும் அணி ஆடாமலே தோற்றதாகக் கணக்கு.

நான் சென்னையில் இரண்டு வருஷம் கம்பவுண்டர் படிப்பு படித்துவிட்டுத் திருத்தணி ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு நேர் எதிரே என் அக்கா புருஷனின் துணிக்கடை. நாங்கள் பாவா என்று கூப்பிடுகிற அவர்தான் அணியின் ரசிகர்களுக்குத் தலைவர். கடையில் துணி வாங்க வந்தவர்களைவிட ஆட்டம் பேச வந்தவர்கள்தான் எப்போதும் அதிகம். பெண்பிள்ளையாக, ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்க்காத எனக்குக் கால்பந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தவை.

அணியின் சென்டர் பார்வர்டு என் தம்பி. வயது பதினெட்டு. நைனா இறந்த பிறகு வீடு என் சம்பளத்தில் ஓடியது அவனுக்கு உறுத்தலாக இருந்தது. தாலுகா ஆபீசுக்கு வந்த ராணுவ ஆளெடுப்புக்காரரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்து, பிறகுதான் அம்மாவிடம் சொன்னான். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ரயிலேற வேண்டும். எங்கள் தெருவிலிருந்து ஏற்கெனவே இரண்டு பையன்கள் பர்மாப் பக்கம் போய், கடிதமே இல்லாமல் இருந்தார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவன் இறங்கிவந்து ஒரு வாக்குக் கொடுத்தான். அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு அரக்கோணத்தில் ஆட்டம் இருந்தது. அங்கே ரயில்வே அதிகாரி ஒருவர் தங்கள் அணிக்கு ஆள் தேடி ஆட்டம் பார்க்க வருவார் என்று செய்தி. அவர் எடுத்துக்கொண்டால் பட்டறையில் வேலை. வேலை கிடைத்தால் ராணுவத்துக்குப் போவதில்லை. கிடைக்காவிட்டால் அம்மா தடுப்பதில்லை.

அதன் பிறகு அம்மா தினமும் விளக்கேற்றும்போது அரக்கோணம் என்ற ஊரையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புத்தூர் அணி இங்கே வந்து ஆடியது. நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். இரண்டாவது கோல் தம்பி போட்டது. பொழுது சாயும் நேரத்தில் மொத்தக் கூட்டமும் பாவா கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது. நான் ஜன்னலைச் சாத்தாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது கோலு பாத்தியா? அவங்க கோல்கீப்பரு நின்னுகினே கீறான், பந்து உள்ள பூட்ச்சி."

"அரக்கோணத்துல அப்டி வுட மாட்டானுங்க. எல்லாம் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்றவனுங்க. காலு இரும்பு."

"இரும்புன்னா துரு புடிக்கும், வுடுப்பா," என்றார் முடிதிருத்துபவர். எந்த வெளியூர் ஆட்டத்தையும் தவறவிடாதவர் அவர்.

"அதுக்கு அடுத்த வாரம் சித்தூரு. அதுக்கு அடுத்தது காட்பாடி."

"சித்தூருக்கு நான் வரல. போன தபா ஜெயிச்சிட்டு வரச்சொல்ல கல்லு வுட்டானுங்க. மண்ட ஒடஞ்சி, தையலு போட என் தலைய நானே கண்ணாடி பாத்து செரச்சிகினு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்," என்றார் முடிதிருத்துபவர்.

"வராங்காட்டி போ. மொட்டத்தலைக்கு ஒரு டிக்கெட்டு மிச்சம்."

"கண்ணு பட்டிருக்கும், மொதல்ல சுத்திப் போடுங்க," என்று யாரோ சொன்னார்கள். பாவாவுக்கு அது சரியென்று பட்டது. பூசணிக்காய் தேடினார்கள், கிடைக்கவில்லை. "பந்தே பூசணிக்கா மாரிதானே கீது," என்றார் பாவா. பந்தின் மேல் ஒரு வெற்றிலை, அதன் மேல் கட்டிச் சூடம். கொளுத்தி, இரண்டு உள்ளங்கையிலும் பந்தை ஏந்திக்கொண்டு வரிசையாக நின்ற பதினோரு பேரையும் சுற்றத் தொடங்கினார்.

மூன்றாவது சுற்றில் வெற்றிலை சுருங்கியது. எரிகிற சூடம் தோலின் தையலில் இறங்கி நின்றது. பாவா சுற்றை முடிக்காமல் நிறுத்தக் கூடாது என்று வேகமாக நடந்தார். முடிப்பதற்குள் உள்ளே பிளாடர் வெடித்துவிட்டது. பெரிய சத்தமில்லை. ஒரு மூச்சு விட்ட மாதிரி.

வழிந்த சூடம் பட்டுப் பாவாவின் இடது உள்ளங்கை கொப்புளித்திருந்தது. நான் அதைக் கழுவி மருந்து வைத்துக் கட்டும்போது அவர் கேட்டார்: "கை கெடக்குது பாப்பா. பந்து பொழைக்குமா?"

வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குச் செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "மூளைக்கு எட்டாத மருந்தெல்லாம் கலக்குற. ஒரு பைய ஒட்ட முடியாதா உன்னால?" என்றாள். கேள்வி மாதிரி இருந்தது, ஆனால் என் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

திங்கட்கிழமை பாவா சென்னைக்கு ஆள் அனுப்பினார். புது பிளாடர் இல்லை, பழையதும் இல்லை. செவ்வாய்க்கிழமை சைக்கிள் கடைக்காரர் பழைய டியூப் துண்டை வைத்து ஒட்டினார். காற்றடித்ததும் உரிந்துகொண்டு வந்தது. துண்டை விரலில் வைத்து இழுத்துப் பார்த்தேன். நீளாமல் பிளந்தது. ரப்பருக்கு உயிரே இல்லை. புதன்கிழமை முடிதிருத்துபவர், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் பன்றியின் மூத்திரப் பையைத்தான் பந்துக்குள் வைத்தானாம் என்று ஆரம்பித்தார். "மல மேல சாமிய வெச்சிகினு இந்தப் பேச்சு பேசாத," என்று பாவா அவரை விரட்டினார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவா?" என்று அவரே கேட்டார். அந்த அளவுக்கு வந்திருந்தோம்.

புதன்கிழமை இரவு நான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஊரில் உயிருள்ள ரப்பர் எங்கே எங்கே இருக்கிறது? தாசில்தாரின் கார். சைக்கிள்கள். ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில்: கையுறை இரண்டு ஜோடி, தொட முடியாது. குழாய், மெல்லியது, உதவாது. வெந்நீர்ப் பை, தினமும் வேண்டும். காய்ச்சலுக்குத் தலையில் வைக்கும் ஐஸ் பை ஒன்று.

ஐஸ் என்பது திருத்தணியில் கிடையாது. யாரோ எப்போதோ கேட்டு எழுதி, அந்தப் பை வந்து, டால்க் பவுடர் பூசி அலமாரியின் அடித்தட்டில் புதிதாக இருந்தது. டாக்டர் திங்கட்கிழமை வரை ஊரில் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை அந்தப் பையை வெட்டினேன். என் வாழ்க்கையில் அனுமதியில்லாமல் எடுத்த முதல் பொருள் அது. திருட்டு சிறிதாக இருக்கட்டும் என்று அதன் மடிப்பிலிருந்து ஒரே ஒரு வட்டம் மட்டும் எடுத்தேன்.

வேலையை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு செய்தேன். கருகிய விளிம்பை நல்ல ரப்பர் வரும் வரை வெட்டி எடுப்பது. மூலை இல்லாமல் வட்டமாக வெட்டுவது, மூலை இருந்தால் அங்கிருந்து கிழியும். ஒட்டு எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக இருப்பது. உப்புத்தாளில் தேய்ப்பது, ஈதரில் துடைப்பது, சைக்கிள் கடைப் பஞ்சர் சொலுஷன் மெல்லியதாக இரண்டு முறை, நடுவில் காய விடுவது. மருந்து இடிக்கும் இரும்புக் கல்வத்தைப் பாரமாக வைத்து ஒரு ராத்திரி. பதினோரு வரிகள். செய்து முடிக்க முடிக்க ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காற்றடித்து வாளித் தண்ணீரில் விட்டேன். குமிழி வரவில்லை. பிளாடர் தண்ணீரில் மெதுவாகத் திரும்பி, ஒட்டுப் போட்ட பக்கத்தைக் கீழே வைத்துக்கொண்டு நின்றது. கையால் திருப்பினேன். மறுபடியும் திரும்பி அப்படியே நின்றது. குமிழி இல்லை என்று எழுதிக்கொண்டேன். அது ஏன் திரும்புகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. காற்று நிற்குமா என்பதுதான் என் கேள்வி.

செருப்புத் தைப்பவர் தோலைத் தைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை ஒரு மணி நேரம் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. தம்பி ஒரு தடவை உதைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். பாவா விடவில்லை.

"ஒரு ஒதைல ஒட்டு வுட்டுட்டா? அரக்கோணத்துல ரெண்டாவது பாதிலதான் இது தரைய தொடும்." புது லுங்கியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அப்போது அது எனக்கும் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

ஞாயிறு முழுவதும் அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன். தேவையில்லாத புட்டிகளுக்கும் ஒட்டினேன். நான் வீட்டுக்கு வந்த பிறகு, சாயங்கால பாசஞ்சர் வந்து, கூட்டம் எங்கள் தெருமுனையில் திரும்பியபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா உட்கார்ந்துவிட்டாள். நல்ல செய்தி என்று நினைத்துவிட்டாள்.

தோற்றிருந்தார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நம்ம கோல்கீப்பர எடுத்துகினாங்கம்மா," என்றார் முடிதிருத்துபவர். கோல்கீப்பர் பொதட்டூர்பேட்டையில் தறி நெய்கிறவர், தம்பியைவிட நாலைந்து வயது பெரியவர். "செகண்டாப்புல, நம்ம பந்துல, இன்னா ஆட்டம் ஆடிட்டான் தெரியுமா? அவங்க ஒதைக்கிற பந்து ஒண்ணொண்ணும் வளஞ்சி வளஞ்சி வருது. வலப் பக்கம் வர்றாப்பல வந்து எடப் பக்கம் திரும்புது. எல்லாத்தையும் கடசி நிமிஷத்துல பாஞ்சி பாஞ்சி புடிச்சான். அந்த ஆபீசரு எந்திரிச்சி நின்னு கை தட்றாரு."

"பந்து காத்து நின்னுதா?" என்று கேட்டேன்.

"கல்லாட்டம் நின்னுது பாப்பா," என்றார் பாவா. "கடசி வரிக்கும்."

"தம்பி?"

பாவா கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு சான்சு வந்துது. ரெண்டும் நேரா கோலுக்குப் போற பந்துதான். எப்டியோ வெளிய பூட்ச்சி."

வளைந்து வளைந்து வந்தது என்று அவர்கள் இன்னொரு முறை சொன்னபோதுதான் வாளித் தண்ணீர் எனக்கு ஞாபகம் வந்தது. மெல்லிய பழைய பிளாடரில் ஒரு பக்கம் மட்டும் தடித்த ரப்பர். எதிர்ப்பக்கத்தில் அதே எடைக்கு இன்னொரு வட்டம் ஒட்டியிருக்க வேண்டும். மருந்து நிறுக்கும் தராசை தினமும் சமன் பார்க்கிறவள் நான். என் பட்டியலில் அந்தப் பன்னிரண்டாவது வரி இல்லை. ஐஸ் பையில் இன்னும் எத்தனையோ வட்டத்துக்கு இடம் இருந்தது. ஒரு பந்தை ஒரு முறைகூட உதைத்திராத ஒருத்தி சோதித்த பந்து அது.

தம்பி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னேன். எடை, ஒட்டு, எல்லாம் விளக்கிச் சொன்னேன்.

"நல்ல பந்துக்கா," என்றான். "என் காலுதான் சரியில்ல."

"உனக்குத் தெரிஞ்சிது. மொத ஒதையிலயே தெரிஞ்சிருக்கும்."

"நம்ம கோல்கீப்பருக்கும் அதே பந்துதானே? அவன் புடிச்சான்ல." பிறகு, "அம்மாகிட்ட இத்த சொல்லிகினு இருக்காத," என்றான்.

மறுநாள் டாக்டரிடம் ஐஸ் பையைப் பற்றிச் சொன்னேன். வெட்டிய பையையும் மேஜையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு வேலை கிடைச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பையைத் திரும்ப என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் அம்மா அவனிடம் இன்னொரு வாரம், இன்னும் ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சினாள். சித்தூரிலும் யாராவது பார்க்க வருவார்கள் என்றாள். "வாக்கு வாக்குதானேம்மா. நான் காப்பாத்துனேன்ல, நீயும் காப்பாத்து," என்றான் அவன்.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்கு வெளியூர் ஆட்டத்துக்குப் போவது போல எல்லாரும் வந்துவிட்டார்கள். அவனுக்காக அம்மா செய்தவை: புளிசாதப் பொட்டலம், கம்பளி, சாமி படம், எங்கள் விலாசம் எழுதிய கார்டு பன்னிரண்டு. அந்தக் கார்டுகளில் இதுவரை மூன்று வந்திருக்கின்றன. மூன்றாவது வந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவள் தலைக்கு மேலே பாவா கேட்டார்: "சென்டர்ல யாரப் போட்றது, சித்தூருக்கு?"

"லெப்ட் சைடு ஆட்றவன உள்ள கொண்டாந்துடுங்க பாவா."

"அவன் ஓட மாட்டான்பா, நட்டு வெச்ச கம்பம்."

"ஓடுவான். முன்னால பந்து போட்டா ஓடுவான். கோலுக்குத்தான் ஆளில்ல இப்போ, அத்தப் பாருங்க."

"தபால்காரரு மவன் நிக்கிறேன்றான்."

"அவனா? பந்து வந்தா கண்ண மூடிக்குவான்."

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். வண்டி நகர்ந்தது. கம்பியை விடாமல் அவள் கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். அவன் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்து, தபால்காரர் மகன் வேண்டாம், வேறு யாரையாவது நிறுத்துங்கள் என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனான். நான் ஓடிப் போய் அம்மாவின் விரல்களைக் கம்பியிலிருந்து பிரித்தேன்.