புல்லுக்குள் நாற்பது குழி

நாகல் நகரில் ரஃபியா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘புல்லு டீச்சர்’ என்றால் ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார். கல்லூரியில் தாவரவியல் எடுக்கிற நாற்பத்து மூன்று வயதுக்காரி, லீவு நாளில் கல்யாணம் காட்சிக்குப் போகாமல் அகரம் தாண்டி மேய்ச்சல் புறம்போக்கில் குத்தவைத்துப் புல் எண்ணினால் ஊர் வேறென்ன பெயர் வைக்கும்? வைத்துவிட்டுப் போகட்டும். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராக இருபது கட்டம். மழை விழுந்ததும் பத்துக் கட்டத்தைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் தகடு நிறுத்துவார், மேலே கூரை கிடையாது. உள்ளே சூடு தங்கி, வெளியைவிட ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காயும். நாளைக்கு இந்தச் சமவெளி அம்புட்டுச் சூடானால் எந்தப் புல் நிற்கும், எது போகும் என்று பார்க்கத்தான் இந்தப் பாடு. ஐந்து வருடமாகச் சூட்டுக் கட்டங்களில் கொழுக்கட்டைப் புல் மெலிந்துகொண்டே வந்தது. ஆறாவது வருடமும் அப்படியே காட்டிவிட்டால் யாரும் தற்செயல் என்று தள்ள முடியாது. ஐப்பசி மழைக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. தகடுகள் அங்கே ஆடு மேய்க்கிற சண்முகவள்ளி வீட்டில் கிடந்தன. கட்டங்களுக்கு அடையாளமாக மண்ணுக்குள் நாலு மூலைக்கு நாலு ஆணி, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. அவருடைய அத்தா சாகுல் ஹமீது தோல் வியாபாரி. அத்தாவின் கூட்டாளி நைனா முகமது, பருவநிலை கெட்டுப்போகிறதே என்று கடைக்காரர்களைச் சேர்த்து மரம் நட ஏற்பாடு செய்தார். முதல் கன்றை ரஃபியாதான் நட வேண்டும் என்றார். புல்லை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று இத்தனை வருடம் சலித்துக்கொண்ட அத்தாவுக்கு, மகள் முகத்தை பிளெக்ஸில் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. சொந்தபந்தம் எல்லாரையும் வரச் சொல்லிவிட்டார். அவர் முகத்துக்காகவே ரஃபியா ஒத்துக்கொண்டார். எந்த இடம் என்று கேட்டதற்கு, அகரம் பக்கம் ஏதோ ஒரு தரிசு என்றார்கள். படித்த மனுஷி, எந்தத் தரிசு என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை.

விழா அன்று காலையில் புதுச்சேலை கட்டிக்கொண்டிருந்தபோது சண்முகவள்ளியிடமிருந்து போன் வந்தது.

“டீச்சரம்மா, ஒங்க புல்லுக்குள்ள குழி தோண்டிப் போட்டிருக்காக.”

போய்ப் பார்த்தால் அதே இடம்தான். பந்தல், நாற்காலி, மைக், வரிசையாக நாற்பது குழி. ரஃபியா ஆணிகளைத் தேடிப் பார்த்தார். ஆறு கட்டங்கள் போயிருந்தன.  முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் அத்தா சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நைனா முகமதுவைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். மனுஷன் ஆடிப்போய்விட்டார், பாவம். சத்தியமாகத் தெரியாது என்றார். ஆனாலும் வந்த ஜனத்தை என்ன செய்வது, போட்டோவுக்கு ஒரே ஒரு கன்றை நட்டுவிடு, மிச்சக் கட்டத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். ரஃபியா கன்றை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“மரம் வேணாம்னு நான் சொல்லல. கண்மாய்க் கரையில நடுங்க, நானே வந்து தண்ணி ஊத்துறேன். ஆனா இது தரிசு இல்ல. இதுல இருபத்தேழு வகைப் புல்லு பூண்டு இருக்கு. இங்க ஒரு கன்னுகூட நட மாட்டேன்.”

 ரஃபியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். முதல் குழிக்குள் மண்ணைத் தள்ளினார்.

“நாப்பது குழி இருக்கும்மா. எல்லாத்தையும் நீயே மூடுவியா?” என்றார் நைனா முகமது.

“மூடுவேன் மாமா.”

சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேன் ஏறினார்கள். பொம்பளைக்கு இம்புட்டுத் திமிர் ஆகாது என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. திமிர்தான். இல்லை என்று யார் சொன்னது? தரிசு என்று ஒரு வார்த்தை சொல்லி எதையும் தோண்டலாம் என்றால், எதிரே நிற்கிறவருக்குத் திமிர் வேண்டும்தானே. அத்தா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்க ரஃபியாவுக்குத் துணிச்சல் வரவில்லை. மூன்றாவது குழியிலேயே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

ஒன்பதாவது குழியை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, புல் தொடங்குகிற இடத்தில் அத்தா நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஒரு காலைத் தூக்குவதும், வைக்க இடம் தெரியாமல் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தார்.

“ஒம்மேல இருக்க கோவம் எனக்குத் தீரல” என்றார். “எங்க மிதிக்கலாம்னு மட்டும் சொல்லு.”

 ரஃபியா வெறும் மண்ணாகக் கிடந்த ஆட்டுத்தடத்தைக் கையால் காட்டினார். அத்தா பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து, மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். இன்னும் முப்பத்தொரு குழி இருந்தது.