நாற்காலிக்குப் போட்ட குழந்தை சாக்ஸ்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தேக்குப் பலகைத் தரை போட்டிருக்கிறோம். சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்தால் கோடு கோடாகக் கீறல் விழுகிறது. கல்லூரிக்குப் போகும் மகளோ இழுக்காமல் உட்காரவே மாட்டாள்.

நாற்காலிக் கால்களுக்குக் குழந்தை சாக்ஸ் மாட்டினால் கீறாது என்று கணவர் எங்கோ படித்துவிட்டுச் சொன்னார். இன்று உத்தமபாளையம் துணிக்கடைக்குப் போய் ஒரு டஜன் ஜோடி கேட்டேன்.

கடையில் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா நின்றிருந்தார்.

"ஏத்தா, இம்புட்டும் யாருக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான் மதினி."

"தம்பிக்குத் தெரியுமா?"

"அவுகதான் வாங்கச் சொன்னாக."

மதினி என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறம் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கணவர் போனும் கையுமாக வாசலில் நிற்கிறார்.

"கம்பத்துல இருந்து பெரியம்மா பேசுனாக. இந்த வயசுலயாடான்னு கேக்குறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கு விளங்கிவிட்டது. சிரித்து முடித்துத் திரும்ப அழைத்தால் பெரியம்மா எடுக்கவில்லை. மதினிக்குப் போன் போட்டால், மாங்காயோடு பஸ் ஏறிவிட்டாராம்.

சாக்ஸ் மாட்டியாயிற்று. நாற்காலிகள் சத்தமில்லாமல் நகர்கின்றன. பெரியம்மாவிடம் உண்மையை உட்காரும் முன் சொல்லட்டுமா, மாங்காயை வாங்கி வைத்துக்கொண்டு சொல்லட்டுமா?